மேலிடத்து உத்தரவு

முகமெல்லாம் சோப்பு நுரையாக இருக்கும்போதுதான் குழாய் செத்தது. முதலில் ஓர் இருமல், பிறகு ஒரு பெருமூச்சு, அதோடு சரி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குழாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடு."

"எங்கேயிருந்து குடுக்கறது? சமையலறையிலயும் வரல," என்று கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "குடிநீர் வாரியத்துல இன்ஜினியரா இருக்கிறது நீயா நானா? உன் ஆபீசுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு கேளு."

சோப்பைத் துண்டாலேயே துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாடிவீட்டு டீச்சர் கையில் காலி பக்கெட். எதிர்வீட்டுத் தையற்காரர் வாய் நிறையப் பற்பசை நுரை. கொப்பளிக்க வழியில்லாததால் தலையை மட்டும் ஆட்டித் தன் கட்சியைச் சொன்னார்.

"இன்ஜினியர் எழுந்தாச்சா?" என்றார் டீச்சர். "எப்பம்மா வரும்?"

தெருவில் அவளுக்குப் பெயரே இன்ஜினியர்தான். சின்ன வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பெயரை மறந்துபோனார்கள். குழாய் வராவிட்டால் இன்ஜினியர், குழாய் நிற்காவிட்டாலும் இன்ஜினியர். ஒருமுறை டீச்சர் வீட்டு மிக்சி ஓடவில்லை என்றும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

"பைப் வேலை நடக்குது டீச்சர். நாளைக்குக் காலையில வந்துடும்," என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்த குரலில் சொல்ல ஐந்து வருட ஆபீஸ் வாழ்க்கை நன்றாகப் பழக்கியிருந்தது. எல்லாரும் நிம்மதியாகக் கலைந்தார்கள். தையற்காரர் நுரையை விழுங்கிவிட்டாரோ என்னவோ, "தேங்க்ஸ்மா," என்றுகூடச் சொன்னார்.

சிக்கல் தண்ணீர் அல்ல. சிக்கல், அவள் குடிநீர் வாரியத்தில் இன்ஜினியரே இல்லை. வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது.

ஒரு விமானக் கம்பெனி பைலட் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. பயிற்சிச் செலவு அவர்களுடையது, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கணக்கு, இயற்பியல், கண், காது, இதயம் என்று ஒன்றையும் விடாமல் சோதித்து அவளை எடுத்துக்கொண்டார்கள். வரும் திங்கட்கிழமை வேறோர் ஊரில் இருக்கும் பறக்கும் பள்ளியில் போய்ச் சேர வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயம்தானே என்று யாராவது கேட்டிருந்தால் கடித்தே வைத்திருப்பாள். பயம் இல்லை. அப்பா.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அந்த முப்பது வருடத்தில் மிஞ்சியது முதுகுவலியும், ஜன்னல் பக்கம் வெயில் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன ஒரு முழங்கையும்தான். மகள் பிறந்த அன்றே அவர் ஒரு சட்டம் போட்டார்: இந்த வீட்டில் இனி யாரும் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. "ஓடுற சீட்டுல உட்கார்ந்து நான் பட்டது போதும். நீ ஓடாத சீட்டுல உட்காரணும் பாப்பா." அந்தப் பரம்பரையிலேயே முதல் ஆளாக அவள் கல்லூரிக்குப் போனாள், பட்டம் வாங்கினாள், ஓடாத சீட்டும் வாங்கினாள். வேலையில் சேர்ந்த அன்று அப்பா ஆபீசுக்கே வந்து, அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஆபீசே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"ஆடல," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவரிடம் போய், ஆடாத நாற்காலியை உதறிவிட்டு விமானம் ஓட்டப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? எந்தப் பக்கம் திருப்பிப் போட்டுச் சொன்னாலும் அது டிரைவர் வேலைதான். சீருடை, ராத்திரி டியூட்டி, வீட்டுக்கு வராத நாட்கள், எங்கேயோ ஓர் ஊரில் யாருடைய சரக்கையோ இறக்கிவிட்டுத் தூங்குவது. லாரிக்கும் இதற்கும் உயரத்தில்தான் வித்தியாசம். சொல்லாமல் ஓடிப்போகவும் மனசு வரவில்லை. அப்பா தன் வாயால் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், தான் ஏறுகிற விமானம் தரையை விட்டு எழும்பாது என்று அவளுக்குள் ஒரு நினைப்பு. இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளாது. அவளும் வெளியே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஆகவே மூன்று வாரமாகத் தினமும் காலையில் அப்பா அவளை ஸ்கூட்டரில் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் விட்டார். அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்தார். அவள் முன்வாசலில் நுழைந்து, பழைய மீட்டர்கள் குவிந்துகிடக்கும் பின்முற்றம் வழியாக வெளியேறி, பஸ் பிடித்து, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் ஆயத்த வகுப்பில் நாள் முழுக்க மேகங்களைப் பற்றிப் படித்துவிட்டு, சாயங்காலம் அதே பின்முற்றம் வழியாகப் புகுந்து முன்வாசலில் வந்து நின்றாள். காவலாளி முதல் வாரம் விழித்தார். இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு கதவையும் திறந்து வைக்கப் பழகிக்கொண்டார்.

குழாய் செத்த அன்றும் அப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்: "செருப்பு வேணாம், ஷூ போட்டுக்க. நேத்து மழைக்குப் பின்பக்கமெல்லாம் சேறா கிடக்கும்."

இருந்த எரிச்சலில் அவள் எதையும் யோசிக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையும் தண்ணீர் வரவில்லை. அடுத்த தெருவில் வாளி நிரம்பி வழியும் சத்தம் இங்கே வரை கேட்டது. கேட்கும்படி வழியவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள்.

தெருமுனை டீக்கடை வாசலில் வால்வுக்காரரைப் பிடித்தாள். ஆளுயர இரும்புச் சாவி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர் அவர். சாலையில் பதித்திருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். எதிர்ப்பக்கம் திருகினால் இல்லை. ஒரே வாரியத்தில் ஐந்து வருடம் இருந்தும் அவருடைய வணக்கத்துக்குத் தலையாட்டியதைத் தவிர அவள் எதுவும் பேசியதில்லை.

"வணக்கம் மேடம்."

"எங்க தெருவுக்கு ஏன் திறக்கல?"

"அடுத்த தெருவுக்குத் திறந்தாச்சு மேடம்."

"நான் கேட்டது எங்க தெருவை."

வால்வுக்காரர் குனிந்து சைக்கிள் செயினை ஆராய்ந்தார். "மேலிடத்து உத்தரவு மேடம்."

"எந்த மேலிடம்?"

"அதை நான் சொல்லக் கூடாது. மூடுன்னாங்க, மூடியிருக்கேன். திறன்னா திறந்துடுவேன்."

"பெரிய இன்ஜினியரா சொன்னாரு?"

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியாததா மேடம்," என்றபடி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இன்னமும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார், அப்படியானால் தான் வேலையை விட்டது இவருக்குத் தெரியாது என்று அவள் கணக்குப் போட்டாள்.

மேலிடம் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேலையிலிருந்து நின்ற அன்று அவளுக்கு ஒரு பிரிவுக் கூட்டம் நடத்தினார்கள். கேக் வெட்டிய பிறகு பெரிய இன்ஜினியர் எழுந்து, "இந்தப் பொண்ணு பறக்கப் போகுதாம். பறக்கட்டும். விழுந்தா பிடிக்கிறதுக்கு இந்த நாற்காலி காத்துக்கிட்டு இருக்காது, அவ்வளவுதான்," என்று வாழ்த்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அவள் எழுந்தாள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இந்த ஆபீஸ்ல கசியாதது குழாய் மட்டும்தான் சார். ஏன்னா அதுலதான் தண்ணி இல்ல. மத்தபடி இங்க கசியாத இடமே கிடையாது, நீங்க உட்கார்ந்திருக்கிற அறையில ஆரம்பிச்சு."

கேக்குக்காக வந்திருந்த வால்வுக்காரர்களும் மீட்டர் பார்ப்பவர்களும்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். அன்று அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் அவளுக்கு இனித்தது. ஆனால் அதற்காக ஒரு தெருவையே காயப்போடுவார் என்று அவள் நினைக்கவில்லை.

நேரில் போய்க் கேட்கலாம். கேட்டால் அந்த ஆளிடம் கெஞ்சியதாக ஆகும். அதைவிடச் சேற்றுத் தண்ணீரில் குளிக்கலாம்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார். "ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"பேசிக்கிட்டு இருக்கேன்பா."

"வேற எதாவது சொல்லணுமா?"

"வேற என்ன? ஒண்ணுமில்ல."

"சரி." அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "முனைக்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அப்பா அந்த வாரம் புது மனிதராக இருந்தார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத ஆள், ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் கேன் கட்டி எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றினார். முதுகுவலியோடு டீச்சருக்கு மாடி வரை தூக்கிப் போனார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்தப் பாடு?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டாளால வந்த கஷ்டம். நான்தானே டீச்சர் பொறுப்பு," என்றார் அப்பா.

கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர் கூனிக் குறுகிப்போனாள். அந்தக் குறுகலில்தான் அவளுக்கு டேங்கர் யோசனை வந்தது. கையில் இருந்ததைக் கொடுத்து ஒரு தனியார் டேங்கர் லாரியை வரவழைத்து, ஆபீஸ் அனுப்பியதாகச் சொல்லிவிட்டால் தெருவும் அடங்கும், அப்பாவின் முதுகும் பிழைக்கும், திங்கட்கிழமையும் வந்துவிடும்.

டேங்கர் வந்தது. தெருவே பாத்திரத்தோடு திரண்டது. "ஒரு போன்ல லாரியே வருது பாருங்க. படிச்ச பொண்ணுன்னா சும்மாவா," என்று தையற்காரர் நாலு பேர் கேட்கச் சொன்னார். அப்பா மட்டும் பாத்திரம் எடுக்கவில்லை. லாரியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், டிரைவரிடம் கொஞ்ச நேரம் பேசினார்.

"நல்ல வண்டி," என்றார் திரும்பி வந்து. "ஆனா பின்னாடி 'குடிக்க அல்ல, கட்டட வேலைக்கு மட்டும்'னு எழுதியிருக்கே. ஆபீஸ் வண்டியில அப்படியா எழுதுவாங்க?"

"பழைய வண்டியை வாங்கியிருக்காங்கப்பா. இன்னும் பெயின்ட் அடிக்கல."

"ஓ. டிரைவரையும் பழசாவே வாங்கிட்டாங்க போல. யாரு அனுப்பினதுன்னு கேட்டேன். யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணிச்சுன்னான்."

"நான்தான்பா. ஆபீஸ்லேர்ந்து பண்ணேன்."

"அதான் நானும் நினைச்சேன்," என்றார் அப்பா.

மறுநாள் டீச்சரின் வெள்ளைத் துணியெல்லாம் சிமென்ட் நிறத்தில் கொடியில் தொங்கியது. தையற்காரர் தலைமுடி ஒட்டிக்கொண்டு, சீப்பு உள்ளே போனால் வெளியே வர மறுத்தது. தெரு மறுபடி வாசலில் வந்து நின்றது. இந்த முறை நிம்மதியாகக் கலைகிற முகம் ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, லாரி அனுப்ப முடியுது, பைப்ல அனுப்ப முடியலையா?" என்றார் டீச்சர். "அடுத்த தெருவுல வாசல் கழுவி விடறாங்க. நம்ம தெருவுக்கு மட்டும் என்ன சாபம்?"

அவளுக்கு அதுவரை சேர்ந்த கோபமெல்லாம் ஒரே இடத்துக்கு வந்தது. "எங்க பெரிய இன்ஜினியர்தான் காரணம் டீச்சர். அந்த ஆளுக்கு என்னைக் கண்டா ஆகாது. நான் நேருக்கு நேரா பேசிட்டேன்னு நம்ம தெருவைப் பழிவாங்கறாரு."

இதோடு முடியும் என்று நினைத்தாள். எதிரி யார் என்று தெரிந்தால் மக்கள் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்பது அவள் எண்ணம். தெரு அப்படி நினைக்கவில்லை.

"அப்படியா சேதி?" என்றார் தையற்காரர். "நம்ம பொண்ணை ஒருத்தன் மிரட்டறான், நாம தலைமுடியை ஊறவச்சுக்கிட்டு இருக்கோம். நாளைக்கே போவோம்."

"எங்கே?"

"உன் ஆபீசுக்குத்தான்."

"வெளியாளுங்களை உள்ள விட மாட்டாங்க," என்றாள் அவசரமாக.

"நீதான் உள்ளாளா இருக்கியே," என்றாள் அம்மா. "நீ கூட்டிக்கிட்டுப் போனா எவன் தடுப்பான்?"

அவள் உதவிக்கு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கட்டைவிரலால் தாடையைச் சொறிந்தார்.

"எல்லாரும் பஸ்ல போனா சிதறிடுவோம்," என்றார். "நம்ம பழைய கூட்டாளியோட லாரி ஷெட்டுல சும்மாதான் நிக்குது. நானே ஓட்டிக்கிட்டு வரேன்."

அன்று மாலை அவள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன் இடத்தில் புதிதாக வந்திருந்த இன்ஜினியருக்குப் போன் செய்தாள். அவளிடமிருந்து பொறுப்பு வாங்கியபோது பேனாவைக்கூட இரண்டு கையால் வாங்கிக்கொண்டவன் அவன்.

"நாளைக்குக் காலையில ஒரு அரை மணி நேரம் என் நாற்காலி எனக்கு வேணும்."

"எடுத்துக்கங்க மேடம். வண்டி வச்சு எடுத்துட்டுப் போறீங்களா?"

"எடுத்துட்டுப் போக இல்ல. உட்கார."

"உங்க மனசு எனக்குப் புரியுது மேடம்," என்றான். "ஐந்து வருஷம் உட்கார்ந்த நாற்காலி இல்லையா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. பின்னால் இருபது பேர், ஆளுக்கொரு பக்கெட்டோடு. முன்னால் அப்பாவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் அவள். அப்பா கண்ணாடியைச் சரி செய்தார், கியரை ஒருமுறை வெறுமனே அசைத்துப் பார்த்தார், வண்டியை எடுத்தார். அந்தக் கறுத்த முழங்கை தானாகப் போய் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டது.

லாரி வேலையை விட்ட பிறகு அப்பா வண்டி ஓட்டி அவள் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய வண்டியை இரண்டு விரலில் திருப்பினார். ஓரத்தில் போன சைக்கிள்காரருக்கு வழிவிட்டார். முகத்தில் என்னவோ ஒன்று இருந்தது. ஐந்து வருடமாக வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த முகத்தில் அது இருந்ததே இல்லை. இந்த மனுஷனா இனி யாரும் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்றார்? அவளுக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அப்பா."

"ம்."

பின்னாலிருந்து பக்கெட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"எதாவது சொல்லணுமா பாப்பா?"

வாய் வரை வந்தது. "ஒண்ணுமில்லப்பா. மெதுவா போங்கன்னேன்."

"சரி. இன்னும் ரெண்டு சிக்னல் இருக்கு," என்றார் அப்பா.

ஏன் அதைச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு சிக்னலும் பச்சையாகவே கிடைத்தன.

ஆபீஸ் வாசலில் காவலாளி அவளையும் பின்னால் வந்த பக்கெட் படையையும் பார்த்தார். பழக்க தோஷத்தில் முன்கதவைத் திறந்தார், பிறகு ஓடிப்போய்ப் பின்கதவையும் திறந்து வைத்தார். "பின்னாடி ரெடி மேடம்," என்றார் மூச்சு வாங்க.

"இன்னிக்கு வேணாம்," என்றாள் பல்லிடுக்கில்.

உள்ளே புது இன்ஜினியர் சொன்ன சொல் தவறவில்லை. மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டுச் சுவரோரம் கைகட்டி நின்றான். அவள் விறுவிறுவென்று போய் உட்கார்ந்து, கையில் கிடைத்த பேனாவை எடுத்துக்கொண்டாள். தெரு அறைக்குள் பாதியும் நடையில் பாதியுமாக நிரம்பியது.

"இந்தத் தம்பி யாரு?" என்றாள் அம்மா.

"டிரெயினிங் பையன்மா."

புது இன்ஜினியர் மறுப்பாக வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அப்பா நேராக நாற்காலிக்குப் பின்னால் வந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் செய்தது போலவே முதுகைப் பிடித்து ஆட்டினார். நாற்காலி அவளோடு சேர்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கடகடத்தது.

"ஆடுதே பாப்பா."

"போன வாரம்தான் சார் ஒரு கால் லூசாச்சு," என்றான் புது இன்ஜினியர், தன் சொத்தின் மேலுள்ள அக்கறையில். "நான் வந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ வந்தப்பவா?" என்று டீச்சர் திரும்பினார். முப்பது வருடம் பரீட்சைத்தாள் திருத்திய கண் அது.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய இன்ஜினியர் வந்து சேர்ந்தார். பக்கெட்டுகளைப் பார்த்தார், நாற்காலியில் இருப்பவளைப் பார்த்தார்.

"என்ன கூத்து இது? நீ எதுக்கு இங்க வந்து உட்கார்ந்திருக்க? உனக்கும் இந்த ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்?"

இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லாத அதிகாரி, ஞாபக மறதி, எதையாவது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பிரிவுக் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது. ஆடும் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சம்பந்தம் இல்லல்ல? அப்புறம் எதுக்கு சார் எங்க தெருத் தண்ணியை நிறுத்தினீங்க? வேலையை விட்டுட்டுப் போனது நான். உங்களை நாலு பேர் நடுவுல கேட்டது நான். பழிவாங்கறதுன்னா என்னை வாங்குங்க. டீச்சர் துணி என்ன பண்ணுச்சு? இவரு தலைமுடி என்ன பண்ணுச்சு?"

அம்மா கையிலிருந்த பக்கெட் கீழே விழுந்து உருண்டு, பெரிய இன்ஜினியரின் காலடியில் போய் நின்றது.

"விட்டுட்டுப் போனதுன்னா?" என்றார் டீச்சர். "எதை விட்டுட்டு?"

சொல்லிவிட்டாள். மூன்று வாரமாகச் சொல்ல முடியாதது மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தது. பைலட் பயிற்சி, திங்கட்கிழமை, பின்முற்றம், ஜெராக்ஸ் கடை மாடி, டேங்கர், எல்லாம். பேசும்போது அப்பாவைத் தவிர எல்லாரையும் பார்த்தாள்.

"படுபாவி," என்றாள் அம்மா. "மூணு வாரமா நான் கட்டிக்குடுத்த சாப்பாட்டை எங்கடி உட்கார்ந்து தின்ன?"

பெரிய இன்ஜினியர் பக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். "உங்க தெருவுல தண்ணி வரலையா? எனக்கு ஒரு புகார்கூட வரலையே."

"எங்க தெருவுலயே இன்ஜினியர் இருக்கும்போது உங்ககிட்ட நாங்க எதுக்கு வரணும்?" என்றார் தையற்காரர். சொல்லி முடித்த பிறகுதான் அதில் இருந்த ஓட்டை அவருக்கே தெரிந்தது.

பெரிய இன்ஜினியர் அங்கேயே நின்று பம்ப் ஹவுசுக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். மோட்டார் ஓடுகிறது, மெயின் லைனில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தெருவையும் நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்று பம்ப் ஹவுஸ் ஆள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"கேட்டுக்கிட்டியாம்மா?" என்றார் பெரிய இன்ஜினியர். "உன்னைப் பிடிக்காதுதான். அதுக்காக வால்வைத் திருகிக்கிட்டு இருக்க எனக்கு நேரம் ஏது? சாயங்காலத்துக்குள்ள பார்க்கச் சொல்றேன். முதல்ல இந்த பக்கெட்டையெல்லாம் வெளிய எடுத்துட்டுப் போங்க."

தெரு வெளியே வந்து லாரியில் ஏறியது. ஏறும்போது ஒவ்வொருவரும் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் நின்று, "பைலட்டானா மிக்சி ரிப்பேர் பண்ணுவியா மாட்டியா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார்.

அப்பா லாரியின் முன்சக்கரத்தில் சாய்ந்து நின்றார். அவள் எதிரில் போய் நின்றாள். இனி ஒளிய இடமில்லை.

"எத்தனை பேர் ஏறுவாங்க அதுல?" என்றார் அப்பா.

"நூத்தி எண்பது பேருப்பா."

"லோடு?"

"லோடும் உண்டு. அடியில ஏத்துவாங்க."

"கிளீனர்?"

"பக்கத்துல இன்னொரு பைலட் இருப்பாங்க."

"அப்ப கண்ணு சொருகினா மாத்திக்கலாம்." அப்பா தலையாட்டினார். அவருக்கு அந்த வசதி கிடைத்ததில்லை. "ரிவர்ஸ் எப்படிப் போடுவாங்க?"

"விமானத்தைப் பின்னால எடுக்க மாட்டாங்கப்பா. எடுக்கணும்னா வேற ஒரு வண்டி வந்து தள்ளணும்."

அப்பா இதை நீண்ட நேரம் யோசித்தார். ரிவர்ஸ் எடுக்காத வண்டியை முப்பது வருட டிரைவர் ஒருவர் ஏற்றுக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். பிறகு லாரியின் கதவைத் திறந்து, துண்டால் சீட்டைத் தட்டினார்.

"சரி," என்றார்.

அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். டீ குடிக்கப் போவதாகச் சொல்வாரே, அதே குரலில் சொல்லிவிட்டார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"திட்ட மாட்டீங்களாப்பா?"

"எதுக்குத் திட்டணும்? அதான் சொல்லிட்டியே."

ஆபீஸ் சாலை முனையிலிருந்து ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஆளுயரச் சாவியோடு வால்வுக்காரர் வேர்க்க விறுவிறுக்க மிதித்து வந்து, அவளுக்கு வழக்கம்போல வணக்கம் வைத்துவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"என்னண்ணே, பாப்பா எல்லாத்தையும் சொல்லிடுச்சா? அப்ப நான் போய் வால்வைத் திறந்துடட்டுமா?"